அந்தப் படத்தை ஏன் நீக்கினீர்கள்? நம் மன்றத்தின் திரையிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திரையிடல் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அடுத்த மாதம் போடுவதாக இருந்த 'ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்' படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குடும்பப் படத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். காரணம் கேட்டேன். "ஜெயிலு, திருட்டு, ரௌடிங்க கதை. பிள்ளைங்க வர்ற இடத்துல எதுக்கு வம்பு?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நேரில் வந்து பேசினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள், அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. குழுவில் எத்தனை பேர் அதை முழுசாகப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒருவர் மட்டும் செல்போனில் பத்து நிமிஷம் பார்த்ததாகச் சொன்னார். மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1932-ல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் மெர்வின் லெராய், நாயகன் பால் முனி. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் ஜேம்ஸ் ஆலனுக்குப் பழைய ஷூ கம்பெனி வேலையில் மனசு ஒட்டவில்லை. பாலம் கட்டும் வேலைக்குப் போக ஆசை. வேலை தேடி ஊர் ஊராக அலைகிறான். கையில் காசு தீர்ந்ததும், போரில் வாங்கிய பதக்கத்தை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறான். கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். பெட்டி நிறையப் பதக்கம். அவனுக்கு முன்னால் எத்தனையோ சிப்பாய்கள் அந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறார்கள்.

பிறகு, பீட் என்று ஒருவன் பழக்கமாகிறான். சாப்பாடு வாங்கித் தருவதாகக் கூட்டிக்கொண்டு போகிறான். கடைக்குள் போனதும் துப்பாக்கியை எடுத்து, கல்லாவில் இருப்பதை எடுக்கச் சொல்லி ஆலனையே மிரட்டுகிறான். கல்லாவில் இருந்தது ஐந்து டாலரும் சில்லறையும். போலீஸ் சுட்டதில் பீட் செத்துப்போகிறான். பணத்தோடு நின்ற ஆலனுக்குப் பத்து வருஷம் கடுங்காவல்.

அங்கிருந்துதான் படமே ஆரம்பிக்கிறது. இரண்டு காலிலும் விலங்கு. விலங்குகளைக் கோர்த்து ஒரு நீளச் சங்கிலி. விடியும் முன்னால் எழுப்பி, வாயில் வைக்க முடியாத சோற்றைப் போட்டு, கல் உடைக்க ஓட்டிப் போகிறார்கள். நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட காவலாளியிடம் கேட்க வேண்டும். புதிதாக வந்த ஆலன் கேட்காமல் துடைத்துவிடுகிறான், அதற்கு ஓர் அடி விழுகிறது. ராத்திரி சவுக்கடி கொடுக்கும் காட்சியில் அடியைக் காட்டவில்லை. சுவரில் நிழலையும் மற்றக் கைதிகளின் முகத்தையும்தான் காட்டுகிறார்கள். பிள்ளைகள் பார்க்கக்கூடாத ரத்தம் ஒரு சொட்டு அதில் இல்லை என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இன்றைக்கு சாயங்கால சீரியலில் இதைவிட அதிகம் வருகிறது.

நம் பழைய படங்களில் ஜெயில் என்றால் உங்களுக்கே தெரியும். கோடு போட்ட சட்டை, கல் உடைக்கிற மாதிரி இரண்டு ஷாட், வாசலில் அழுகிற அம்மா, படபடவென்று பறக்கும் காலண்டர் தாள். அடுத்த காட்சியில் நாயகன் நரைத்த மீசையோடு வெளியே வந்து வில்லனைத் தேடிப் போவான். இந்தப் படத்திலும் காலண்டர் தாள் விழுகிறது, ஆனால் சம்மட்டி அடிச் சத்தத்தோடு விழுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை.

ரௌடிப் படம் என்று சொன்னீர்கள். இதே பால் முனி இதே 1932-ல் 'ஸ்கார்ஃபேஸ்' என்ற படத்தில் பெரிய தாதாவாக நடித்தார். கோட்டு சூட்டு, கார், மெஷின்கன், கூடவே அடியாட்கள். ரௌடிப் படம் வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம். ஆலன் படம் முழுக்க ஒருவனையும் சுடுவதில்லை. ஓடுகிறான், வேலை செய்கிறான், பொறியாளராகிறான், மறுபடி மாட்டுகிறான்.

நம் ஆட்கள் தாதா கதைக்கு எப்போது முகம் சுளித்தோம்? செம்மரம் கடத்துகிறவனை நாயகனாக்கி 2021-ல் வந்த தெலுங்குப் படம் உங்களுக்கு நினைவிருக்கும், பேர் சொல்லத் தேவையில்லை. அதில் பேசுவது நம் சித்தூர்ப் பக்கத்துப் பேச்சு. தமிழ் டப்பிங்கையும் பார்த்தோம், தெலுங்கிலும் பார்த்தோம். குழுவில் இரண்டு பேர் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்விட்டு வந்து, தாடியைத் தடவிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். கட்டையை விற்று மாடி வீடு கட்டுகிறவனைப் பார்த்து விசில் அடிக்கலாம், மாட்டிக்கொண்டவன் கதையைப் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றால், இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். நெடுநாளாக வக்கீல் குமாஸ்தா. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வருவதால், செம்மரக் கட்டை கேசில் பிடிபடும் தமிழ்நாட்டு ஆட்களின் குடும்பம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 1960-ல் மாநில எல்லையைத் திருத்தினபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கம், ஆந்திராவிலேயே நின்றன. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு என்று வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு வேலையாகவே வந்து சேர்ந்திருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வருகிற அம்மாக்களுக்கு, உள்ளே இருக்கும் மகன் மேல் என்னென்ன செக்‌ஷன் போட்டிருக்கிறது என்று சொல்வது நாம்தான்.

அந்த ஆட்களை யார் கூட்டிவருகிறார்கள்? மேஸ்திரி. தோட்ட வேலை, பெயிண்டிங் வேலை, சமையல் வேலை என்று சொல்லி வண்டியில் ஏற்றுவார். தெரிந்தே வருகிறவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. நாலு நாள் மலையில் கோடாலி பிடித்தால் ஊரில் மாசக் கணக்கில் பார்க்க முடியாத காசு கிடைக்கும் என்று சொன்னால், கடன் கழுத்தை நெரிக்கிறவன் வரத்தான் செய்வான். வந்த பிறகு திரும்பிப் போக முடியாது. பைலட் வண்டி முன்னால் போகும், செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். செம்மரக் கடத்தலைத் தடுக்கிற போலீஸ் படையான டாஸ்க் ஃபோர்ஸ் சுற்றி வளைத்தால் மேஸ்திரி முதலில் ஓடுவார், கோடாலியோடு நிற்பவன் மாட்டுவான். மரத்தை வாங்கித் துறைமுகம் தாண்டிச் சீனாவுக்கு அனுப்புகிறவன் அந்த மலைப் பக்கமே வந்திருக்க மாட்டான். முதல் தடவை இந்தப் படத்தைப் பார்த்தபோது, கல்லாவில் கைவைக்கச் சொல்லும் பீட்டைக் கண்டதும், "இவன் நம்ம மேஸ்திரிடா" என்று என் வாயில் வந்துவிட்டது.

ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். மலையிலிருந்து வந்தவர், பெயிலில் வெளியே வந்ததும் கையெழுத்துப் போட எங்கள் ஆபீசுக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னோம், சுவரோரமாகவே நின்றார். டீ வந்தது. கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். நாங்கள் பாட்டுக்கு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் டீயில் ஆடை கட்டியிருக்கிறது, ஒரு வாய் குடிக்கவில்லை. "குடிங்கண்ணே, ஆறிப்போச்சு" என்றேன். என்னைப் பார்க்காமல் வக்கீலைப் பார்த்து, "குடிக்கட்டுங்களா சார்?" என்றார்.

வேர்வை துடைக்க அனுமதி கேட்கும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு இந்த டீ கிளாஸ்தான் தெரிகிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் படம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்ட அண்ணனுக்கு இதுவே பதில்.

இன்னொன்று, பெயில். பெயில் கிடைப்பது ஒரு பாடு, கிடைத்த பெயிலை எடுப்பது அதைவிடப் பெரிய பாடு. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும், சொத்துக் காகிதம் காட்ட வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருக்கும். போளூருக்கு மேலே மலையில் பிறந்தவனுக்கு இந்த ஊரில் யார் தன் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்? அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கென்று ஒரு ரேட்டும் இருக்கிறது. அந்த ரேட் இல்லாதவன், கையில் பெயில் உத்தரவை வைத்துக்கொண்டே உள்ளே கிடப்பான். நம் நாட்டுச் சிறைகளில் இருக்கும் நான்கு பேரில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்று அரசாங்கமே கணக்குக் கொடுக்கிறது. அந்த மூன்று பேரில் இப்படி எத்தனை பேர் என்று எங்களைப் போன்ற குமாஸ்தாக்களைக் கேட்டால் தெரியும்.

முலாகத்துக்கு, அதாவது சிறையில் இருப்பவரைப் பார்க்க, போயிருக்கிறீர்களா? ஒரு சிறையில், இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, நடுவில் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. ஒரே நேரத்தில் எல்லாரும் கத்துவார்கள். மூன்று பஸ் மாறி வந்த ஒரு அம்மா, ஆடு விற்ற விஷயத்தை மகனிடம் சொல்ல முயன்று, அது அவனுக்குக் கேட்காமல், கடைசியில் கையால் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார். அவன் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டான். நேரம் முடிந்துவிட்டது.

இப்போது நீங்கள் வெளியே சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தைப் போட்டால், மன்றம் கடத்தல்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறது என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம். நம் உறுப்பினர்களிலேயே வனத்துறையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மனசு நோகுமே என்ற தயக்கம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013 டிசம்பரில் திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் வீட்டில் சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர்கள்தான். செம்மரம் இந்தப் பக்கத்து மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் தானாக வளராது. அதைக் காப்பாற்ற நிற்கிறவர்களுக்கு நான் எதிரி இல்லை.

ஆனால் அந்தக் கேசு என்ன ஆனது? தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் 280 பேருக்கும் மேல் அதில் சேர்க்கப்பட்டார்கள். வருஷக் கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. செத்துப்போன அதிகாரிகளின் வீட்டுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, உள்ளே கிடந்தவர்கள் வீட்டுக்கும் கிடைக்கவில்லை. நடுவில் 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, அதே சேஷாசலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் 20 பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைக்கு நம் தெருவில் டீக்கடை டிவி முன்னால் தமிழில் ஒரு பேச்சும் தெலுங்கில் ஒரு பேச்சுமாக இருந்தது. நம் மன்றத்தில் மட்டும் ஒரு பேச்சும் இல்லை. வனத்துறைக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கட்டும் என்றுதான் நான் கேட்கிறேன். அவர்களுக்குச் சொல்லவும் நிறைய இருக்கும்.

படத்தின் பின்பாதியில் ஒரு விஷயம் வருகிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. தப்பிப்போன ஆலன் சிகாகோவில் பெரிய பொறியாளராகிவிடுகிறான். காட்டிக்கொடுக்கப்பட்டு வெளியே தெரிந்ததும், அந்த மாநில அதிகாரிகள் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்கள்: தானாகத் திரும்பி வந்து 90 நாள் இருந்தால் போதும், ஆபீஸ் வேலைதான் தருவோம், அப்புறம் மன்னிப்பு. அவன் நம்பிப் போகிறான். போனதும் பழையபடி சங்கிலி, பழையதைவிட மோசமான முகாம். 90 நாள் போகிறது, மன்னிப்பு வரவில்லை. காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒரு வருஷமாகிறது, அப்போதும் வரவில்லை. "ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடு, சீக்கிரம் விட்ருவாங்க" என்ற பேச்சை நம்பித் தெலுங்குக் காகிதத்தில் கைநாட்டு வைத்த ஆட்களின் கேஸ் கட்டு எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஆலன் இரண்டாவது தடவையும் தப்பிக்கிறான். கடைசிக் காட்சியில், இருட்டில் வந்து நிற்கிற அவனிடம், எப்படிப் பிழைக்கிறாய் என்று காதலி கேட்கிறாள். திருடுகிறேன் என்கிறான். அதோடு படம் முடிகிறது. ஐந்து டாலருக்காகக் கள்ளன் என்று முத்திரை குத்தி, கடைசியில் நிஜமாகவே கள்ளனாக்கிவிட்டார்கள்.

இது கட்டுக்கதையும் இல்லை. ராபர்ட் பர்ன்ஸ் என்பவரின் சொந்த அனுபவத்தை வைத்து எடுத்தது. ஜார்ஜியா மாநிலம், 1922, ஐந்து டாலரும் சில்லறையும். அவரும் சிகாகோவில் பிழைத்து மேலே வந்தவர், அவரும் வாக்குறுதியை நம்பித் திரும்பிப் போய் ஏமாந்தவர். படம் வெளிவந்தபோதுகூட அவர் தலைமறைவாகத்தான் இருந்தார். படத்துக்கு ஆஸ்கரில் மூன்று பரிந்துரை வந்தது. அதைவிட முக்கியம், அமெரிக்கா முழுக்க அந்தச் சங்கிலி முகாம்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 1940-களில் ஜார்ஜியாவில் அந்த முறை ஒழிந்தது. 1945-ல் ஆளுநர் எல்லிஸ் ஆர்னல் காலத்தில், இதுவரை அனுபவித்ததே போதும் என்று பர்ன்ஸின் தண்டனையை முடித்துவைத்தார்கள். ஒரு படம் தனியாக இவ்வளவையும் செய்துவிட்டது என்று சொல்ல நான் சினிமாப் பைத்தியம் இல்லை. ஆனால் படம் போட்ட பிறகுதான் ஊர் வாய் திறந்தது. நம் ஊரில் படத்தையே போடவிடாமல் வைத்திருக்கிறீர்கள்.

ஆலனின் கால் விலங்கைச் சம்மட்டியால் அடித்து வளைத்து, கால் உருவும்படி செய்துகொடுப்பவன் செபாஸ்டியன் என்ற கறுப்பினக் கைதி. ஆலன் ஓடிப்போகிறான், செபாஸ்டியன் அங்கேயே நிற்கிறான். படம் அதற்குமேல் அவனைப் பற்றிக் கேட்பதில்லை. படத்தில் எனக்கு இருக்கும் ஒரே குறை இது. இதையும் சேர்த்துப் பேசலாம் என்றுதான் படம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கும்படி முன்பே கேட்டிருந்தேன். இப்போது படமே இல்லை.

ஆங்கிலம் யாருக்கும் புரியாது என்பது கடைசிக் காரணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒலிபெருக்கியை வாங்கி இரண்டு வரி தமிழில் நானே சொல்கிறேன், கூலி கேட்க மாட்டேன். படமே ஒன்றரை மணி நேரம்தான். நீங்கள் அதற்குப் பதிலாகப் போட்ட குடும்பப் படம் அதைவிட ஒரு மணி நேரம் நீளம், அதில் மூன்று கற்பழிப்பு முயற்சியும் ஒரு தற்கொலையும் இருக்கிறது. யாரும் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். நீக்கிய முடிவைத் திரும்பப் பெற்று, படத்தைப் பட்டியலில் மறுபடி சேர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்று தோன்றினால் 15 வயதுக்கு மேல் என்று போடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. படம் முடிந்தபின் பேசுவதற்கு நேரம் வேண்டும், அதில் சிறைக்குப் போய் வந்தவர்களும் வனத்துறைக் குடும்பத்தினரும் விருப்பப்பட்டால் பேசலாம், யாரையும் பேர் சொல்லி மேடைக்கு இழுக்கக்கூடாது. செல்போனில் படம் பிடிக்கவும் அனுமதிக்கக்கூடாது, வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் வருவார்கள். இனிமேல் ஒரு படத்தை நீக்குவதென்றால், குழுவில் குறைந்தது பாதிப் பேராவது அதை முழுசாகப் பார்த்த பிறகு நீக்குங்கள், காரணத்தை எழுத்தில் வையுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த மடலை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு பதில் தாருங்கள். படம் போடுவதென்று முடிவானால் சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஆரணி, போளூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ராத்திரிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், கடைசி பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு இங்கே தங்க இடமில்லை.

இப்படிக்கு,
மன்றத்தின் உறுப்பினன், ஒரு வக்கீல் குமாஸ்தா
நகரி